முற்றுப்பெறாத ஏடுகள்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே கையாண்டு வருகிறோம். பொழுது தானாகவே போய்க்கொண்டிருக்க, அதைப் போக்குவதற்கு ஒரு முயற்சியும் வேண்டுமா என்று பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. ஆயினும், போகின்ற பொழுதைப் பிடித்து நிறுத்த முயலும் பொழுதுபோக்கு ஒன்று இன்று பரவி வருகிறது. தாள்களை மடித்து, நூலால் தைத்து, பழைய சேலைத் துணியாலோ அட்டையாலோ உறையிட்டு, ஓர் ஏட்டைத் தம் கையாலேயே உருவாக்குகிறார்கள். பின்னர் அதன் பக்கங்களை வண்ணத்தாலும், கத்தரித்த படங்களாலும், உலர்ந்த இலைகளாலும், பயணச்சீட்டுகளாலும், தையல் வேலைப்பாட்டாலும், கையெழுத்தாலும் நிரப்புகிறார்கள். நாட்குறிப்பும் ஓவியமும் ஒட்டுவேலையும் ஒன்றாய்க் கலந்த இதனை ஓவியக் குறிப்பேடு என்று நாம் வழங்கலாம்.

பெருநகரங்களில் மட்டுமன்று, பென்னாகரத்திலும் இத்தகைய ஏடுகள் சிலவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அவற்றுள் கண்ணைப் பறித்தவை உண்டு. நெஞ்சைத் தொட்டவையும் உண்டு. இரண்டும் ஒரே ஏடுகளாக அமையவில்லை என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. அழகான பக்கம் ஏன் வெறுமையாய் இருக்கிறது? அழகு குறைந்த பக்கம் ஏன் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது? இவ்வேடுகளை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணுக்கு அந்நியமா?

படமும் எழுத்தும் ஒரே பரப்பில் அமைவது மேலைநாட்டுப் புதுமை என்று கருதுவோர், தருமபுரி மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டே அப்படிக் கருதுவது வியப்புக்குரியது. நடுகற்கள் மிகுந்த நிலம் இது. ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரனின் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கி, அவன் பெயரையும் எந்த மன்னனின் எந்த ஆட்சியாண்டில் அவன் மடிந்தான் என்பதையும் அதே கல்லில் வட்டெழுத்தில் பொறித்தனர் நம் முன்னோர். உருவம் மட்டும் இருந்திருந்தால் அவன் யாரோ ஒரு வீரன். எழுத்து மட்டும் இருந்திருந்தால் அது ஒரு செய்தி. இரண்டும் சேர்ந்ததால்தான், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தருமபுரி அருங்காட்சியகத்தில் அக்கல்லின் முன் நிற்கும் நமக்கு அவன் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு மனிதனாகிறான்.

இன்னும் அருகில் வருவோம். நம் இல்லங்களில் பாட்டிமார் வைத்திருந்த செபப்புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். அச்சிட்ட புத்தகமாக வாங்கியதுதான். ஆனால், இருபது முப்பது ஆண்டுகளில் அது இருமடங்கு பருமனாகிவிடும். வேளாங்கண்ணி மாதா படம், பேரனின் புதுநன்மை நினைவுப் படம், ஊர்ப் பிள்ளை ஒருவர் குருப்பட்டம் பெற்ற நாளின் நினைவு அட்டை, மறைந்த கணவரின் முப்பதாம் நாள் அட்டை, குருத்து ஞாயிறன்று பெற்ற ஓலையின் உலர்ந்த துணுக்கு ஆகிய அனைத்தும் அதன் பக்கங்களுக்கிடையே அடைக்கலம் பெற்றிருக்கும். படங்களின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு தேதி. சிலவற்றில் ஒரு பெயர். அதை எவரும் கலை என்று சொல்லவில்லை. எவருக்கும் காட்டவேண்டும் என்று அவரும் எண்ணவில்லை. ஆனால், அப்புத்தகம் தொலைந்துபோனால் அந்த வீடே கலங்கிப்போகும்.

இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் தென்படுகிறது. ஓர் ஏட்டின் பக்கத்தைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய வினா, ‘இது அழகாக இருக்கிறதா?’ என்பதன்று, ‘இது தொலைந்தால் இதற்கு ஈடாக வேறொன்றைக் கடையில் வாங்கிவிட முடியுமா?’ என்பதே.

மூவர் காட்டிய வழி

இவ்வளவுகோலைக் கையில் ஏந்தி, உலகறிந்த ஏடுகள் மூன்றை முதலில் காண்போம்.

முதலாவது, கவி இரவீந்திரநாத் தாகூருடைய கையெழுத்துப்படி. 1924-ஆம் ஆண்டில் ‘பூரவி’ கவிதைகளை எழுதிய குறிப்பேட்டில், வேண்டாமென்று அடித்துவிட்ட சொற்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றிலிருந்து பறவைகளையும் பெயரறியா விலங்குகளையும் முகங்களையும் எழச்செய்தார். அர்ஜென்டினாவில் அவரை விருந்தினராய் ஏற்றிருந்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அப்பக்கங்களைக் கண்டு வியந்தார். 1930-ஆம் ஆண்டு மே மாதம் பாரிசில் தாகூரின் ஓவியக் கண்காட்சி நடைபெற அவரே துணைநின்றார். முறையாக ஓவியம் பயிலாத ஒருவர், எழுபதை நெருங்கும் வயதில், ஓவியராக உலகின்முன் நின்றார். இந்த ஏடு நமக்குக் கற்பிப்பது யாது? பிழையைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. பிழையும் பக்கத்தின் ஒரு பகுதியே. அந்த அடித்தல்களை வேறெவரும் அடித்திருக்க முடியாது; ஆகவே அவ்வுருவங்களும் வேறெவருக்கும் வாய்த்திரா.

இரண்டாவது, மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃப்ரீடா காலோவின் நாட்குறிப்பு. 1925-இல், பதினெட்டாம் வயதில், பேருந்து விபத்தொன்றில் உடல் நொறுங்கிய அவர், வாழ்நாள் முழுவதும் நோவோடு போராடினார். தம் இறுதிப் பத்தாண்டுகளில் அவர் எழுதியும் வரைந்தும் வந்த அந்நாட்குறிப்பில், சிந்திய மைக்கறை ஓர் உருவமாகிறது. ஒரு சொல் நிறமாகிறது. 1953 ஆகஸ்டில் அவருடைய வலக்கால் துண்டிக்கப்பட்டது. அந்நாட்களை ஒட்டி அவர் வரைந்த, உடலினின்று பிரிந்து நிற்கும் பாதங்களின் படத்தைக் காண்போர் எளிதில் அடுத்த பக்கத்துக்குச் செல்ல இயலாது. 1954-இல் அவர் மறைந்தார். 1995-இல் அந்நாட்குறிப்பு உள்ளது உள்ளவாறே அச்சேறியது. கண்காட்சிக்காக அவர் வரைந்த ஓவியங்களில் உள்ள முடிந்த அழகு இதில் இல்லை. ஆனால், அவற்றில் இல்லாத தடுமாற்றம் இதில் உண்டு. அந்தத் தடுமாற்றமே இதன் பெருமை.

மூன்றாவது, இலண்டனில் பிறந்து நைரோபியில் வளர்ந்த டான் எல்டன் என்னும் இளைஞருடைய ஏடுகள். நிழற்படங்கள், துண்டுத்தாள்கள், வண்ணம், கிறுக்கல் என எல்லாம் அடுக்கடுக்காய்க் குவிந்த பதினேழு ஏடுகளை அவர் விட்டுச்சென்றார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் படப்பிடிப்பாளராகச் சோமாலியாவுக்குச் சென்ற அவர், 1993 ஜூலை 12 அன்று மொகதிசுவில், குண்டுவீச்சால் ஆத்திரமுற்ற கூட்டத்தின் கையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22. 1997-இல் அவருடைய ஏடுகளிலிருந்து தேர்ந்த பக்கங்கள் நூலாக வெளிவந்தன. இன்று இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் அந்நூலால் ஊக்கம் பெற்றவர்களே. எனினும், ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அப்பக்கங்களின் நெரிசலில் இளமையின் வேகம் இருக்கிறது. தன்னைத் தானே கண்டு மகிழும் இளமையின் பெருமிதமும் இருக்கிறது. சில பக்கங்களில் பிறருடைய முகங்கள் வெறும் அணிகலன்களாக நின்றுவிடுகின்றன. பிறர் வாழ்வை நம் பக்கத்தில் ஒட்டும்போது, அதற்கு நமக்கு என்ன உரிமை என்னும் வினா அங்கே எழுகிறது.

அவ்வினாவுக்கு மிகச் சிறந்த விடை, தமிழ் நிலத்திலிருந்தே வந்திருக்கிறது என்பதே நாம் இங்குச் சொல்லவரும் செய்தி.

யாழ்ப்பாணத்துத் தோம்பு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2011-ஆம் ஆண்டில் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலை உருவாக்கினார். ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று அதற்குப் பொருள் கூறலாம். ‘ரேக்கிங் லீவ்ஸ்’ என்னும் பதிப்பகம் அதனை வெளியிட்டது. தோம்பு என்பது போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய நிலப்பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், அதற்கு எவ்வளவு இறை என்று அரசு கணக்கெடுத்து வைத்த ஏடு. அப்பெயரையே தம் நூலுக்கு எடுத்துக்கொண்ட சனாதனன், அரசின் கணக்கில் இடம்பெறாத ஒன்றைக் கணக்கெடுக்கிறார். அது, இழந்த வீடு.

1983 முதல் 2009 வரை நீண்ட போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர் சென்றார். 1990 அக்டோபரில் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும், 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தினின்று ஒரே இரவில் நடந்து வெளியேறிய பல்லாயிரவரையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும். அத்தகையோர் தம் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்து தந்தனர். நூலில் ஒவ்வொரு வீடும் மூன்று நிலைகளில் தோன்றுகிறது. முதலில், வீட்டுக்குரியவர் வரைந்த நடுங்கும் கோடுகள். அடுத்து, அதையே கட்டடக் கலைஞரின் அளவுகோல் பிடித்த நேர்கோடுகளாக மாற்றிய வரைபடம். பின்னர், அந்நினைவுக்கு ஓவியர் தம் உள்ளத்தால் தரும் மறுமொழியாக, உலர்வண்ணக்கோல் கொண்டு தீட்டிய ஓவியம். இவற்றோடு வீட்டுக்குரியவர் நினைவுகூர்ந்த சொற்களும் இடம்பெறுகின்றன.

இந்த அமைப்பின் ஆழத்தை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னால் எவரும் அறைகளை அளந்து வரைவதில்லை. எங்கே அதிக நேரம் வாழ்ந்தோமோ அந்த இடம் பெரிதாகிவிடும். எங்கே அதிகம் நுழையவில்லையோ அது சிறுத்துவிடும். அளவில் பிழையாகிய அது, உள்ளத்தின் அளவில் பிழையன்று. இரண்டாம் நிலையின் நேர்கோடுகள் அப்பிழையைத் திருத்துகின்றன. திருத்தியவுடன் வீடு வெறும் கட்டடமாகிவிடுகிறது! இழப்பு என்பது என்னவென்று இவ்விரு தாள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சொல்வதுபோல் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரைகள் சொல்வதில்லை.

மூன்றாம் நிலை பற்றி நமக்கு ஒரு தயக்கம் உண்டு. ஓவியரின் வண்ணங்கள் தேர்ந்த கையின் வண்ணங்கள். அவற்றின் குரல் வலியது. சில இடங்களில், வீட்டுக்குரியவரின் மெல்லிய கோட்டை அவ்வலிய குரல் மறைத்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். மேலும், நூலின் உரை ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், யாருடைய வீடுகள் அதில் உள்ளனவோ அவர்களுள் பலர் அதைப் படித்து இன்புறவோ துன்புறவோ இயலாது போகிறது. இவை குறைகளே. ஆயினும், பிறருடைய துயரைத் தாமே வரைந்துவிடாமல், கோலை முதலில் அவர்கள் கையில் கொடுத்து, தாம் மூன்றாவதாக நின்ற அந்தப் பணிவு இக்குறைகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிறர் வாழ்வை நம் பக்கத்தில் ஒட்டும் உரிமை எப்போது கிடைக்கிறது என்ற வினாவுக்கு இதுவே விடை: அவர்கள் முதலில் பேசிய பின்னர்.

நாகாவதிக் கரையில்

இந்நூல் தொலைவில் உள்ள ஒன்றன்று. பென்னாகரம் வட்டத்திலேயே, நாகாவதி அணையை ஒட்டி இலங்கைத் தமிழர் வாழும் முகாம் ஒன்று உள்ளது. 2021 வரை அகதிகள் முகாம்கள் என்று வழங்கப்பட்டவை, அவ்வாண்டு முதல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. பெயர் மாறியது நன்று. ஆனால், கடல் கடந்து வந்த மூத்தோரின் நெஞ்சில் உள்ள வீட்டின் வரைபடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவ்வீட்டைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகள் இங்கே வளர்ந்து ஆளாகிவிட்டனர். தாத்தாவின் கையில் ஒரு பென்சிலையும் தைத்த ஏடு ஒன்றையும் கொடுத்து, ‘கிணறு எந்தப் பக்கம் இருந்தது தாத்தா?’ என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அந்த ஏடு எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாவிட்டால்தான் என்ன?

போரினால் பெயர்ந்தோர் மட்டுமா? பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்ற நம் வட்டாரத்துக் குடும்பங்கள் எத்தனை! பூட்டிய வீடுகளும், முதியோர் மட்டும் காத்திருக்கும் திண்ணைகளும் நம் ஊர்களில் எத்தனை! ஏட்டில் ஒட்டுவதற்குரிய வாழ்வு நம்மிடம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

கடைத்தாளும் கைத்தாளும்

இந்நிலையில், இன்று இப்பொழுதுபோக்கு செல்லும் திசையைக் கண்டு நாம் கவலை கொள்கிறோம். ஏட்டை நிரப்புவதற்கென்றே ஆயத்தப் பொருள்கள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. ஐரோப்பியர் எவரோ எவருக்கோ எழுதிய பழைய கடிதத்தின் நகல், நாம் காணாத நாட்டின் அஞ்சல்தலைப் படம், அச்சிட்ட ஆங்கில வாசகம், ஒட்டுவதற்கு ஆயத்தமான மலர்கள் ஆகிய இவற்றை வரிசை குலையாமல் ஒட்டினால், ஒரு மணி நேரத்தில் அழகிய பக்கம் பிறந்துவிடுகிறது. புதிய வெள்ளைத் தாளைத் தேநீர்ச் சாயத்தில் நனைத்துப் பழையதாக்கும் வழக்கமும் உண்டு. தாளுக்குப் பொய்யான வயதைக் கொடுப்பதில் என்ன மகிழ்ச்சியோ! உண்மையிலேயே பழுத்துப்போன ரசீதும் கடிதமும் நம் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்க, பிறருடைய பழமையை விலைகொடுத்து வாங்குகிறோம். நம் அளவுகோலின்படி அத்தகைய பக்கம் தொலைந்தால் இழப்பு ஏதுமில்லை. மறுநாளே அதே கட்டை வாங்கி அதே பக்கத்தைச் செய்துவிடலாம்.

இதனால் இப்பொழுதுபோக்கே வீண் என்று நாம் கூறவில்லை. நாள் முழுதும் உழைத்துச் சோர்ந்த ஒருவர், மாலையில் அரைமணி நேரம் வண்ணம் தோய்த்துத் தாளைத் தடவி மகிழ்வது தூய இன்பம். அவர் கை பழகட்டும். மேலும், இக்கலையின் நுட்பங்கள் மதிக்கத்தக்கவை. அச்சிட்ட தாளின்மேல் வெள்ளைப் பூச்சை மெல்லியதாக இட்டால், அடியிலுள்ள எழுத்து பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் நிற்கும். அதன்மேல் வரையலாம், எழுதலாம். நினைவும் அப்படித்தானே இயங்குகிறது? மறைப்பதன் வழியே காட்டும் இந்நுட்பம், சொல்வதற்கு ஒன்று இருப்பவர் கையில் அரிய கருவியாகும்.

பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். புளிக்குப் பெயர்பெற்ற நம் மாவட்டத்தில் புளியங்கொட்டைப் பசையை அறியாதார் இலர். சுருள் ஓவியர்கள் துணியைப் பக்குவப்படுத்த வழிவழியாகப் பயன்படுத்தி வந்த பசை அது. மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து பூச்சியைத் தடுத்தனர் நம் புத்தகம் கட்டுவோர். அது நஞ்சாதலால் சிறுவர் கைக்கு எட்டலாகாது. மாறாக, இன்று எளிதில் கிடைக்கும் செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளித்து, தாளில் கறையை விட்டுவிட்டுக் கழன்றுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு பேருந்தில் தந்த வண்ணத்தாள் சீட்டுகள் அச்சு மையால் ஆனவை. அவை பல ஆண்டுகள் நின்றன. கைக்கருவியிலிருந்து வெளிவரும் இன்றைய சீட்டோ, வெப்பத்தால் கருக்கும் தாளில் பதிவது. சில மாதங்களில் அதன் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் துண்டு மட்டுமே எஞ்சும். ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு சென்ற நாளின் சீட்டை அழகுற ஒட்டிவைத்துவிட்டு ஒரு சொல்லும் எழுதாதவர், அடுத்த ஆண்டு அப்பக்கத்தில் காணப்போவது ஒரு வெற்றுத் தாளையே. யாரோடு சென்றோம், பரிசலில் ஏற அஞ்சியவர் யார், திரும்பும் வழியில் பேசியது என்ன என்பவற்றை அருகில் எழுதிவைத்தவருக்கோ, சீட்டு மங்கினாலும் நாள் மங்குவதில்லை. உருவத்தோடு எழுத்தையும் கல்லில் பொறித்த நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர்.

எஞ்சும் பக்கங்கள்

சனாதனன் தம் நூலுக்கு ‘முற்றுப்பெறாத’ என்னும் அடைமொழியைச் சேர்த்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. இழந்த வீடுகள் அனைத்தையும் எந்த ஏடும் கொள்ளாது. வரைந்து முடித்த வீடும் முழுமையானதன்று. வரைந்தவர் மறந்த ஒரு சன்னல் எப்போதும் இருக்கும். செபப்புத்தகத்தில் தேதி எழுதிய பாட்டியும் அதை நிரப்பி முடிக்கவில்லை. அவருக்குப் பின் அவருடைய நினைவு அட்டையே அதில் சென்று சேர்ந்தது. நல்ல ஏடு ஒருவரோடு முடிவதில்லை. அடுத்தவர் தொடர்வதற்கு இடம் விட்டு நிற்கிறது. பகட்டுக்கென நிரப்பிய ஏட்டில் அவ்விடம் இருப்பதில்லை. அதன் ஒவ்வொரு பக்கமும் விளிம்புவரை நிறைந்து, பார்ப்போரின் பாராட்டை மட்டுமே எதிர்பார்த்து நிற்கிறது.

ஆகவே, ஏடு தைக்கும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சிறிதே. கடைத்தாளை வாங்குமுன் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறர் துயரை ஒட்டுமுன் கோலை அவர்கள் கையில் கொடுங்கள். அடித்தலையும் கறையையும் கண்டு பக்கத்தைக் கிழிக்காதீர்கள். பயணச்சீட்டின் எழுத்து மங்குமுன் அதன் அருகே உங்கள் கையால் இரண்டு வரிகள் எழுதிவிடுங்கள். தேதியையும் மறவாமல் இடுங்கள்.